பல் முளைக்கும் பருவமும் பறிபோகும் செருப்பும்

1936ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கின் வீட்டில் ஒரு விபரீதம் நடந்தது. டோபி என்ற அவருடைய செட்டர் இன நாய்க்குட்டியை ஓர் இரவு தனியாக விட்டிருந்தார்கள். அவர் எழுதிக்கொண்டிருந்த நாவலின் கையெழுத்துப் பிரதியில் ஏறக்குறைய பாதியை அது கிழித்துக் குதறிவிட்டது. வேறு படி கிடையாது. இரண்டு மாத வேலை போயிற்று. ஸ்டைன்பெக்குக்குக் கோபம் வந்தது; ஆனாலும் லேசாக ஓர் அடி போட்டதோடு விட்டுவிட்டார். குட்டி ஒருவேளை விமர்சகராகச் செயல்பட்டிருக்கலாம் என்று தன் இலக்கிய முகவருக்கு வேடிக்கையாகக் கடிதமும் எழுதினார். 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' என்ற அந்த நாவலைத் திரும்ப உட்கார்ந்து எழுதினார். 1937இல் அது வெளிவந்தது.

இதில் நாய் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது எழுத்தாளரின் பெருந்தன்மையை அல்ல. குட்டி தனியாக இருந்தது. காகிதம் அதன் வாய்க்கு எட்டும் இடத்தில் இருந்தது. இவ்விரண்டும் சேர்ந்தால் எந்த வீட்டிலும் இதுதான் நடக்கும்.

நம் வீடுகளில் நாவல் இருப்பதில்லை, மற்றதெல்லாம் இருக்கின்றன. வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு, சோபாவின் கைப்பிடி ஓரம், தேக்குக் கட்டிலின் கால், டீப்பாயின் விளிம்பு, பிரம்பு நாற்காலி, தரையைத் தொடும் திரைச்சீலை, தேங்காய் நார் மிதியடி, செல்போன் சார்ஜர், பள்ளிக்கூடப் பையின் பட்டை. குட்டி வந்த முதல் மாதத்தில் "ஐயோ, எவ்வளவு அழகு" என்றவர்களே மூன்றாவது மாதத்தில் "இதை எப்படி நிறுத்துவது?" என்று கால்நடை மருத்துவரிடம் போய் நிற்கிறார்கள்.

நிறுத்த முடியாது என்பதே நேர்மையான பதில். கடிப்பதை நிறுத்த முடியாது. எதைக் கடிக்க வேண்டும் என்பதை மாற்ற முடியும். அந்த வேலையிலும் பெரும்பங்கு குட்டிக்கு அல்ல, வீட்டில் இருப்பவர்களுக்கு.

முதலில் அந்த வாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நாய்க்குட்டி பல் இல்லாமல்தான் பிறக்கிறது. மூன்றாவது வாரத்தில் பால் பற்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கும். இரண்டு மாதத்துக்குள் 28 பற்களும் வந்துவிடும். ஊசி முனை போன்ற இந்தப் பற்களுக்கு ஆயுள் சில மாதங்கள்தான். மூன்றரை, நான்கு மாத வயதில் முன்பற்கள் ஆடத் தொடங்கும். பிறகு கோரைப் பற்கள் விழும். பால் பற்களில் இல்லாத பின்கடைவாய்ப் பற்கள் புதிதாக முளைக்கும். ஆறு, ஏழு மாதத்தில் 42 நிரந்தரப் பற்களோடு வாய் நிறைந்துவிடும். ஆக நான்காம் மாதம் தொடங்கி ஏழாம் மாதம் வரை ஈறு முழுக்க வீக்கம், அரிப்பு, வலி. எதையாவது வைத்து அழுத்தினால் கொஞ்சம் இதமாக இருக்கும். அந்த 'எதையாவது' பட்டியலில் கட்டில் காலும் சேர்ந்துவிடுகிறது.

கடிக்கும் குட்டியை ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் இது புரியும். விளையாட்டுக்குக் கடிக்கும்போது முன்பற்களால் கொத்திக் கொத்தி இழுக்கும். பல் முளைக்கும் வலியில் கடிக்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, நாற்காலிக் காலைக் கடைவாய்க்குள் கொண்டுபோய் மெதுவாக, ஒரே இடத்தில் அழுத்தும். எடுத்துப் பார்த்தால் கயிற்றிலோ துணியிலோ இளஞ்சிவப்பாக ரத்தக் கறை தெரியும். பயப்பட வேண்டியதில்லை. விழும் பற்களைப் பெரும்பாலும் குட்டி விழுங்கிவிடும். எப்போதாவது ஒன்று, அரிசி மணி போல, பாயில் கிடக்கும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஆறு மாதத்துக்கு மேல் புதிய கோரைப் பல்லுக்குப் பக்கத்தில் பழைய பால் பல்லும் விழாமல் நின்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறிய இன நாய்களில் இது அடிக்கடி வரும். பல் வரிசை கெட்டு, இடுக்கில் அழுக்குச் சேரும்.

வலி மட்டுமே காரணம் என்றால் ஏழாம் மாதத்தோடு எல்லாம் முடிந்துவிட வேண்டுமே? முடிவதில்லை. குட்டிக்குக் கை கிடையாது. ஒரு பொருள் மெத்தென்று இருக்கிறதா, கிழியுமா, உருளுமா, உள்ளே என்ன இருக்கிறது என்பதையெல்லாம் அது வாயால்தான் தெரிந்துகொள்கிறது. சோபா மெத்தையின் ஒரு மூலையைக் கிழித்து, உள்ளிருந்து பஞ்சு வரக் கண்டுவிட்டால், அது குட்டிக்குப் பெரிய கண்டுபிடிப்பு. அடுத்த முறை நேராக அந்த மூலைக்கே போகும். ஏற்கெனவே சொரசொரப்பான இடம், தன் எச்சில் வாசனை உள்ள இடம் என்று கடித்த இடத்தையே மறுபடி கடிப்பதும் இதனால்தான்.

இனத்துக்கும் இதில் பங்கு உண்டு. இன்று சென்னை, கோவை அடுக்ககங்களில் அதிகம் காணப்படும் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் இரண்டுமே வாயில் பொருளைத் தூக்கி வருவதற்காகவே மனிதர் உருவாக்கிய இனங்கள். சுட்டு வீழ்த்திய பறவையை நசுக்காமல் கவ்விக்கொண்டு வருவதுதான் அவற்றின் தொழில். கோல்டன் ரெட்ரீவரின் வம்சக் கதை 1868இல் ஸ்காட்லாந்தின் கிசாகன் பண்ணையில், பின்னாளில் ட்வீட்மௌத் பிரபு எனப்பட்டவர் சேர்த்த ஒரு ஜோடி நாய்களிலிருந்து தொடங்குகிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக "வாயில் எடு, கொண்டு வா" என்று பழக்கிய வம்சத்தில் பிறந்த குட்டி, வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் சாக்ஸைக் கவ்விக்கொண்டு ஓடினால் அதில் வியக்க என்ன இருக்கிறது? லாப்ரடாருக்குச் சாப்பாட்டு ஆசையும் கூடுதல். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசி அடங்குவதைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு இல்லை. அதனால் தின்னத் தகாததையும் வாயில் போட்டுப் பார்க்கும் வேகம் இந்த இனத்தில் அதிகமாகவே தெரிகிறது.

நம் நாட்டு இனங்களின் விஷயம் வேறு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை ஓடப் பிறந்தவை. தோட்டத்திலும் மானாவாரிக் காட்டிலும் வளர்ந்தால் அவற்றின் வேகம் காலில் தீரும். இரண்டு படுக்கையறை வீட்டில் அடைத்தால் அது பல்லில் வந்து நிற்கும்.

இன்னொரு சிக்கலை யாரும் அதிகம் பேசுவதில்லை. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசி தொடங்குகிறது. பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தொடர் ஊசிகள் முடிய ஏறக்குறைய நான்கு மாதம் ஆகிவிடும். அதுவரை தெருவில் இறக்க வேண்டாம் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது. தெருநாய்கள் நிறைந்த ஊரில் அது நியாயமும்கூட. ஆனால் வாழ்க்கையிலேயே அதிகமாக எதையும் தெரிந்துகொள்ளத் துடிக்கும் வயதில் குட்டி நான்கு சுவருக்குள் அடைபடுகிறது. ஊசி முடிந்து வெளியே போகலாம் என்னும்போது பல் முளைக்கத் தொடங்கிவிடுகிறது. வெளியே காட்ட முடியாத ஆர்வத்தை எல்லாம் அது வரவேற்பறையில்தான் காட்டும். இதற்கு ஒரு வழி உண்டு: தரையில் விடாமல், தோளிலோ கூடையிலோ குட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை, காய்கறிக் கடை வரை போய்வருவது. ஆட்டோ சத்தம், மழைக்கோட்டுப் போட்ட மனிதர், கோயில் மேளம் எல்லாம் அதன் காதிலும் கண்ணிலும் படட்டும். அரை மணி நேரம் உலகத்தைப் பார்த்து வந்த குட்டி வீட்டுக்கு வந்ததும் தூங்கிவிடும்.

தடுப்பூசியைத் தள்ளிப்போடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சாட்சி. ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காசல் என்ற இடத்தில் 1914இல் கல் உடைத்தவர்கள், சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண்ணோடு ஒரு நாய்க்குட்டியின் எலும்புகளும் அதில் இருந்தன. சுமார் ஏழு மாதக் குட்டி. அதன் பற்களின் எனாமலில் இருந்த குறைகளை வைத்து, ஐந்து மாத வயதையொட்டி அதற்கு டிஸ்டெம்பர் வந்து, யாரோ கவனித்துக்கொண்டதால் சில வாரங்கள் பிழைத்திருந்தது என்று 2018இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பல் முளைக்கும் நேரத்தில் வரும் டிஸ்டெம்பர் பல்லின் மேல் பூச்சையே அரித்துவிடும். ஊசி போடாத குட்டிகளில் இன்றும் அப்படித்தான்.

இனி அடி, திட்டு விஷயத்துக்கு வரலாம். கடித்த செருப்பை மூக்கில் தேய்ப்பது, அதே செருப்பால் ஒன்று போடுவது, "இது யார் வேலை?" என்று மிரட்டுவது இன்றும் பல வீடுகளில் நடக்கிறது. "தப்புச் செய்தது அதுக்கே தெரியும், முகத்தைப் பாருங்க" என்பார்கள். காதைப் பின்னால் மடக்கி, கண்ணைத் திருப்பி, வாலைக் காலுக்குள் நுழைத்துக்கொண்டு நிற்கும் அந்த முகத்தை நியூயார்க்கின் பார்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் சோதித்துப் பார்த்தார். 14 நாய்கள். ஒவ்வொரு நாயிடமும் உரிமையாளர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி "தொடாதே" என்று சொல்லிவிட்டு வெளியே போவார். அவர் இல்லாதபோது சில முறை நாய் தின்னும். சில முறை ஆய்வாளரே அதை எடுத்துவிடுவார். திரும்பி வரும் உரிமையாளரிடம் நடந்ததை மாற்றியும் சொல்வார்கள். முடிவில் தெரிந்தது இதுதான்: நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தக் 'குற்ற முகத்துக்கும்' சம்பந்தம் இல்லை. திட்டு வாங்கிய நாய்கள்தான் அந்த முகத்தைக் காட்டின. தின்னாமலே திட்டு வாங்கியவை இன்னும் அதிகமாகக் காட்டின. அது குற்ற உணர்ச்சி அல்ல. எதிரில் நிற்பவரின் கோபத்தைத் தணிக்கும் முயற்சி.

மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பியவர், மதியம் கிழிந்த தலையணைக்காக அடித்தால் குட்டிக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: இவர் கதவைத் திறந்து உள்ளே வந்தால் ஆபத்து. கையும் களவுமாகப் பிடித்து அடித்தாலும் பெரிய பயன் இல்லை. இவர் கண்ணெதிரே கடிக்கக் கூடாது, கட்டிலுக்கு அடியில் போய்க் கடிக்கலாம் என்று கற்றுக்கொள்ளும். வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டே இருந்தால், பிடுங்குவதற்குள் விழுங்கிவிட வேண்டும் என்று ஒரு குட்டி கற்கும். உறுமிக் காட்ட வேண்டும் என்று இன்னொரு குட்டி கற்கும். இரண்டுமே கடிபட்ட செருப்பைவிட மோசமான பிரச்சினைகள்.

அப்படியானால் என்ன செய்வது?

முதல் வேலை வீட்டை ஒதுங்க வைப்பது. குட்டியின் உயரத்துக்குக் குனிந்து, தவழ்ந்தே ஒரு சுற்று வந்தால், நின்றுகொண்டு பார்க்கும்போது தெரியாதவை எல்லாம் தெரியும். டிவிக்குப் பின்னால் தொங்கும் ஒயர் கொத்து, ஃபிரிட்ஜுக்கு அடியில் உருண்ட மாத்திரை, தையல் மிஷினுக்குக் கீழே ஊசியோடு கிடக்கும் நூல். செருப்புக்குக் கதவு வைத்த அலமாரி. ஒயருக்கு எலக்ட்ரீசியன்கள் பயன்படுத்தும் பிளாஸ்டிக் கேசிங் பட்டி. கட்டில், மேசைக் கால்களுக்கு நெடுக்காகக் கீறிய பிவிசி குழாயை மாட்டிவிடலாம். பார்க்க அழகில்லைதான், ஆனால் ஆறு மாதம்தான். திரைச்சீலையை முடிச்சுப் போட்டு மேலே தூக்கிவிடலாம். நல்ல கம்பளத்தைச் சுருட்டிப் பரணில் வைத்துவிடுவது உத்தமம். வீட்டுக்குக் குழந்தை வந்தால் இதையெல்லாம் செய்கிறவர்கள், குட்டி வந்தால் மட்டும் அது பொருளின் விலையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் வேடிக்கை.

இரண்டாவது, கண்காணிப்பு. வீடு முழுக்க ஓட விட்டுவிட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு "அமைதியாக இருக்கிறதே" என்று நினைத்தால் ஏதோ கிழிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பார்க்க முடியாத நேரத்தில் குட்டிக்கென்று ஓர் இடம் வேண்டும். கம்பி வேலி அடைப்பாக இருக்கலாம். வாசலில் குறுக்குக் கதவு போட்ட ஒரு சிறிய அறையாக இருக்கலாம். தண்ணீர், படுக்கத் துணி, கடிக்க ஒன்றிரண்டு பொருள்கள் அங்கே இருக்க வேண்டும். சாப்பாட்டையும் அங்கேயே வைத்துப் பழக்கினால் குட்டி தானாகவே போய்ப் படுக்கும். தண்டனைக்கு அங்கே அடைப்பது கூடாது. நாள் முழுக்க அடைத்து வைப்பதும் கூடாது. மூன்று மாதக் குட்டியால் சிறுநீரை அதிகபட்சம் நான்கு மணி நேரம் அடக்க முடியும், பல குட்டிகளால் அதுகூட முடியாது.

தூக்கமும் முக்கியம். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம் வரை தூங்க வேண்டியது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், விருந்தாளிகள் என்று ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சினால் அதன் தூக்கம் கெடும். சாயங்காலம் ஏழு மணிக்குப் பேய் பிடித்ததுபோல் வீடெங்கும் ஓடி, கண்ணில் பட்டதைக் கடிக்கும் குட்டிக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது விளையாட்டு அல்ல, உறக்கம்.

மூன்றாவது, கடிக்க எதைக் கொடுப்பது என்பது. இதில்தான் எல்லோரும் செய்யும் முதல் தவறு நடக்கிறது: பழைய செருப்பைக் கொடுத்துவிடுவது. பழைய செருப்புக்கும் போன வாரம் 2,000 ரூபாய்க்கு வாங்கிய செருப்புக்கும் வித்தியாசம் குட்டிக்குத் தெரியாது. இரண்டிலும் தோல் வாசனையும் எஜமானின் கால் வாசனையும்தான். பழைய சாக்ஸ், பழைய துண்டு, பழைய தலையணை எல்லாமே அப்படித்தான். குட்டியின் பொருள் வீட்டில் வேறெதைப் போலவும் இருக்கக் கூடாது.

செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் உள்ளே குடைவான ரப்பர் பொம்மைக்கு ஒரு கதை உண்டு. 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவர் ஃபிரிட்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்டு நாயை வளர்த்தார். அதற்குக் கல்லைக் கடிக்கும் பழக்கம். பல் தேய்ந்துகொண்டே வந்தது. மார்க்கம் ஒரு ஃபோக்ஸ்வேகன் வேனைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது கழற்றிப் போட்ட சஸ்பென்ஷன் ரப்பர் ஒன்றை நாய் எடுத்துக்கொண்டு விடவே இல்லை. மேலே குறுகி, கீழே அகன்று, தாறுமாறாகக் குதித்து ஓடும் அந்த ரப்பரின் வடிவத்தில் அவர் செய்து விற்றதுதான் 'காங்' என்ற பொம்மை. கிங்காங்கின் காதில் வைக்கும் அடைப்பான்போல இருக்கிறது என்று கூட்டாளி ஒருவர் கேலி செய்ததால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

இந்த மாதிரிப் பொம்மைக்குள் தயிர்சாதத்தை அடைத்து, ஃபிரீசரில் இரவு முழுக்க வைத்துக் காலையில் கொடுத்தால் அரை மணி நேரம் வீட்டில் சத்தமே இருக்காது. குளிர்ச்சி ஈறு வலிக்கு இதம். நக்கி நக்கி எடுப்பது மூளைக்கு வேலை. உப்பு, தாளிப்பு, வெங்காயம் இல்லாத வெறும் தயிர்சாதமாக இருக்க வேண்டும். வேகவைத்த கோழிக்கறியைப் பிய்த்துச் சோற்றோடு அடைக்கலாம். வேர்க்கடலை வெண்ணெய் என்றால் டப்பாவின் லேபிளில் சைலிட்டால் என்ற இனிப்பு இல்லை என்று பார்த்த பிறகே. அது நாய்க்குக் கடும் விஷம். பணம் செலவழிக்க விரும்பாதவர்கள் ஒரு பருத்தித் துணியை நனைத்து முறுக்கி முடிச்சிட்டு உறைய வைத்துக் கொடுக்கலாம், பக்கத்திலேயே இருந்துகொண்டு. குளிர்ந்த முழு கேரட்டும் நல்லதுதான்.

கொடுக்கக் கூடாதவையும் உண்டு. கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். நகம் துளியும் பதியாவிட்டால் அது குட்டிக்கு அதிகக் கடினம், பல் பிளக்கும். மான் கொம்பு, மாட்டுக் குளம்பு எல்லாம் இந்தக் கணக்கில் அடிபடும். குழம்பில் வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். தேங்காய் மட்டையைக் கொடுத்தால் நாரை விழுங்கிவிடும்.

நான்காவது, பண்டமாற்று. வழக்கமாக நடப்பது இது: குட்டி செருப்போடு நிற்கும், வீட்டில் மூன்று பேர் "டேய், போடு, போடுடா" என்று கத்திக்கொண்டு துரத்துவார்கள். குட்டியின் கணக்கில் அன்றைய நாளின் மிகச் சிறந்த விளையாட்டு அதுதான். செருப்பை எடுத்தால் எல்லோரும் தன்னோடு ஓடி வருவார்கள் என்று அது குறித்துவைத்துக்கொள்ளும்.

பயிற்சியாளர்கள் செய்வது வேறு. துரத்துவதில்லை, கத்துவதில்லை. தின்பண்ட டப்பாவைத் திறக்கும் ஓசை கேட்க வேண்டும். குட்டி தானாகப் பக்கத்தில் வரும். ஒரு துண்டுக் கறியை அதன் மூக்குக்கு நேரே கொண்டுபோனால் வாய் திறக்கும். திறக்கும் அந்த நொடியில், சாதாரணக் குரலில், "விடு". கறியைக் கொடுத்துவிட்டு, இன்னும் இரண்டு துண்டுகளைக் கொஞ்சம் தள்ளித் தரையில் போட்டால் குட்டி அங்கே போகும். அதற்குள் செருப்பை எடுத்துவிட்டு, அதன் சொந்தப் பொம்மையை வாயருகே வைக்க வேண்டும். அதைக் கடித்தால் தட்டிக்கொடுத்துப் பாராட்ட வேண்டும். இதையே பொம்மையை வைத்தும் தினமும் பழக்க வேண்டும். விட்டதும் கறி, கறிக்குப் பிறகு அதே பொம்மை திரும்பவும் கையில். கொடுத்தால் பறிபோகாது என்ற நம்பிக்கை வந்துவிட்டால், பிறகு மாத்திரை அட்டையை வாயில் வைத்திருந்தாலும் "விடு" என்றதும் விடும். அந்த ஒரு சொல் ஒரு நாள் உயிரைக் காப்பாற்றும்.

கசப்பு மருந்து தெளித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கடையில் விற்கும் பல தெளிப்பான்களில் இருப்பது டெனடோனியம் என்ற வேதிப்பொருள். 1958இல் ஸ்காட்லாந்தில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது, உலகிலேயே மிகக் கசப்பான பொருள்களில் ஒன்று. சில குட்டிகள் ஒரு முறை நக்கிவிட்டு அந்தப் பக்கமே போகாது. சில முகத்தைச் சுளித்துக்கொண்டே கடிக்கும். நாவில் நமக்குச் சுமார் 9,000 சுவை அரும்புகள். நாய்க்குச் சுமார் 1,700தான். காய்ந்ததும் கசப்பு குறைந்துவிடுவதால் தினமும் தெளிக்க வேண்டியிருக்கும். கடிக்க வேறு பொருளைக் கொடுத்துவிட்டு, மேசைக் காலில் தெளித்தால் துணைக்கு உதவும். தனியாக அதை நம்பிப் பயனில்லை. மிளகாய்த்தூள் தடவும் வழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும். மூக்கும் கண்ணும் எரிந்து துடிக்கும் குட்டி எதையும் கற்பதில்லை.

பொருள் போனால் வாங்கிக்கொள்ளலாம். உண்மையான பயம், அது வயிற்றுக்குள் போவதுதான். நம் ஊரில் கோடைக்காலம் வந்தால் மாங்கொட்டை. சப்பிக்கொண்டிருக்கும் குட்டி சட்டென்று விழுங்கிவிடும். வழுக்கிக்கொண்டு போய்க் குடலை அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். சாக்ஸ், ஃபோம் துண்டு, சோளக் கட்டை எல்லாம் அப்படியே. இவற்றைவிடக் கொடியது நூல். தலையிலிருந்து எடுத்துப்போட்ட பூச்சரத்தின் நூலும், நெய் சிந்திய விளக்குத் திரியும் வாசனையால் இழுக்கும். உள்ளே போன நூல் குடலைச் சுருக்கி அறுக்கும். பின்புறம் நூல் தொங்கினால் பிடித்து இழுக்கவே கூடாது. அந்துருண்டை, எலி மருந்து, பாராசிட்டமால், இபுபுரூஃபன், பொத்தான் பேட்டரி, தோட்டத்து அரளி, சாக்லேட், திராட்சை எல்லாம் விஷம். உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது பழைய வைத்தியம். அந்த உப்பே குட்டியைக் கொன்றுவிடக்கூடும். எதை, எவ்வளவு, எப்போது தின்றது என்ற விவரத்தோடும், மீதி அட்டையோ உறையோ இருந்தால் அதோடும் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பிட மறுப்பது, வயிற்றைத் தொட்டால் கத்துவது ஆகியவை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். ஒயரைக் கடித்து மின்சாரம் தாக்கிய குட்டியைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பார்க்க நன்றாக இருந்தாலும் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம் என்பதால் அதையும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

கடிப்பவை எல்லாமே பல் வலிக்கும் ஆர்வத்துக்கும் கடிப்பதில்லை. சுவரின் சுண்ணாம்பு, மண், கல் என்று தின்றுகொண்டே இருக்கும் குட்டிக்கு வயிற்றுப் பூச்சியோ ரத்தசோகையோ இருக்கலாம், பரிசோதிக்க வேண்டும். வீட்டில் ஆள் இருக்கும்போது ஒன்றையும் தொடாமல், எல்லோரும் கிளம்பியதும் கதவின் அடிப்பகுதியையும் ஜன்னல் சட்டத்தையும் மட்டும் குதறினால் அது பிரிவுப் பதற்றம். பழைய செல்போனைக் கேமராவாக வைத்துவிட்டுப் போனால் உண்மை தெரிந்துவிடும். சலிப்பில் கடிக்கும் நாய் கொஞ்ச நேரம் தூங்கி எழுந்து நிதானமாக ஆரம்பிக்கும். பதற்றத்தில் கடிக்கும் நாய் பெரும்பாலும் ஆள் கிளம்பிய அரை மணி நேரத்துக்குள்ளேயே எச்சில் வடிய, ஊளையிட்டு, கதவைப் பிறாண்டும். அதற்குப் பொம்மையும் கசப்பு மருந்தும் போதாது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று தனியாக இருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். முற்றிய நிலையில் மருந்தும் உண்டு. அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு மருந்துக்கு 1998இலேயே அனுமதி கிடைத்துவிட்டது.

வாங்கும்போதே கவனித்தால் பாதிச் சிக்கல் குறையும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி. முப்பது, நாற்பது நாளிலேயே குட்டிகள் கைமாறுவது இன்றும் சாதாரணமாக நடக்கிறது. கூடப் பிறந்தவற்றோடு கட்டிப் புரளும் அந்த வாரங்களில்தான் குட்டி கடியின் அழுத்தத்தைக் கற்கிறது. ஓங்கிக் கடித்தால் மற்றது 'வீல்' என்று கத்தி விளையாட்டை நிறுத்திவிடும். அடுத்த முறை மெல்லக் கடிக்கும். அந்தப் பாடம் கிடைக்காமல் வந்த குட்டிக்கு மனிதக் கையும் ஒன்றுதான், ரப்பர் பொம்மையும் ஒன்றுதான்.

ஏழாம் மாதத்தில் பல் முளைத்து முடிந்த பிறகும், வாலிப வயதில், ஒரு வயது வரையிலோ கொஞ்சம் மேலாகவோ இன்னொரு சுற்றுக் கடி வரும். தாடை பலமாகிவிட்டிருக்கும், சேதமும் பெரிதாக இருக்கும். காலை மாலை நடை, மோப்பம் பிடிக்க நேரம், வீட்டுக்குள் தின்பண்டத்தை ஒளித்து வைத்துத் தேட விடுவது ஆகியவை அப்போது பொம்மையைவிட முக்கியம். பலரும் பொறுமை இழப்பது இந்தக் கட்டத்தில்தான். முதலில் மொட்டை மாடியில் சங்கிலி. பிறகு "ஊரில் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டோம்" என்ற பேச்சு. சில நேரம் இரவில் காரில் கொண்டுபோய் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிடுவது. கழுத்தில் பட்டையோடு, எந்தக் கார் வந்தாலும் பின்னால் ஓடும் லாப்ரடார்களைப் பார்க்காத புறநகர் இல்லை. பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். அந்தச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. யாரையும் தடுத்து நிறுத்தும் தொகை அல்ல அது. ஆகவே குட்டி வாங்க நினைப்பவர்கள் வாங்குவதற்கு முன்பே ஒரு வருடக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்: பகலில் வீட்டில் யார் இருப்பார், காலையில் யார் நடத்திக்கொண்டு போவார், ஒரு சோபா போனால் பரவாயில்லையா? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றால், குட்டியை வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.